சட்டை குடித்த சாராயம்

சங்கிலி நழுவியதும் கட்டை ஒரு சுற்றுச் சுற்றி காவ்ரிலாவின் நெஞ்சில் அடித்தது. விழுந்தவன் எழுந்து உட்கார்ந்து முதலில் குதிரையைத்தான் பார்த்தான். அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

வெட்டிய மரங்களைக் குதிரையில் பூட்டி, மலைச்சரிவிலிருந்து லாரிப் பாதைக்கு இழுத்துவருவது அவன் வேலை. மேஸ்திரி பிந்தியாவின் ஆட்கள் யாருக்கும் பதிவில் பெயர் கிடையாது. அதனால் காட்டில் அடிபட்டவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிச் சீட்டில் வீட்டில்தான் அடிபட்டார்கள்.

"போதையில படியில விழுந்தேன்னு சொல்லு," என்ற பிந்தியா, பிளம் சாராயத்தை அவன் சட்டையில் சரித்தான்.

"அண்ணே, ஈஸ்டர் வரைக்கும் தொடமாட்டேன்னு பாதிரியார்கிட்ட சத்தியம் பண்ணிருக்கேன்."

"உன்னையா குடிக்கச் சொன்னேன்? சட்டைதானே குடிக்குது."

ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த மனைவி அனூட்சாவுக்கு வாசலிலேயே நாற்றம் அடித்தது.

"கோயில்ல சத்தியம் பண்ணின வாயா இது?"

"வாய முகர்ந்து பாரு."

பார்த்தாள். புரிந்தது.

"கட்டை அடிச்சுதுன்னு டாக்டர்கிட்ட நானே சொல்றேன்."

"சொல்லு. நாளைக்கு எவன் வேலை குடுப்பான்? குதிரை புல்லு தின்னுக்கும், நாம?"

எலும்புப் படத்தில் விலா உடையவில்லை. மேலே கீறல்கூட இல்லை. டாக்டரம்மா நல்லவர்தான், களைத்திருந்தார்.

"நெஞ்சுல ஏதாவது பலமா மோதிச்சா? மோதியிருந்தா இதயத்தையும் பாக்கணும். வெளியில தெரியாம உள்ள அடிபட்டிருக்கும். ராத்திரி இங்கயே இருக்கணும்."

காவ்ரிலா மனைவியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"இல்லீங்கம்மா. படிதான்."

"போய் போதை தெளியத் தூங்குங்க."

காலையில், கட்டிப்போட்ட கோழி மாதிரி நெஞ்சுக்குள் ஏதோ அடித்துக்கொள்வதாகச் சொன்னான். "போகாதேய்யா," என்றாள். "எலும்பு உடையலன்னு பிந்தியாவுக்குத் தெரியும்டி," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

மதியம் குதிரை தனியாகக் கட்டையை இழுத்து வந்து, வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றது. அவிழ்த்துவிட ஆள் வரவில்லை. மேலே போய்ப் பார்த்தார்கள். காவ்ரிலா சருகில் குப்புறக் கிடந்தான். மூச்சு இல்லை.

அனூட்சா சாப்பாட்டுத் தூக்கோடு சரிவில் ஏறி வந்தாள். பிந்தியா அவனைப் புரட்டிப் போட்டு, பக்கத்தில் மண்டியிட்டு, சாராயப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். அவன் உடம்பில் இருந்தது, நேற்று இரவு அவள் இரண்டு தடவை சோப்புப் போட்டு, அடுப்படியில் காயவைத்த சட்டை.