கவலையின் அளவு மூன்று மடங்கு

ஆய்வகத்தில் எல்லாரும் அவளைக் கடைக்குட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் முனைவர் பட்டத்துக்காகத் தவம் கிடக்க, அவள் மட்டும் இளங்கலை மூன்றாம் ஆண்டு. அவள் பொறுப்பில் ரத்தத்தில் வாழும் ஓர் ஒட்டுண்ணியை விட்டிருந்தார்கள். கண்ணுக்கே தெரியாத அந்த ஜந்து, ஆபத்து வந்தால் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு ஜீனை முடுக்கிவிடும். புது மருந்தைக் கொடுத்தால் அந்த ஜீன் எவ்வளவு வேகம் பிடிக்கிறது என்று அளக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' ஆறு மாதம் அவளைப் பிழிந்து காயப்போட்டுவிட்டது.

கடைசியில் ஒருவழியாகப் பலன் கிடைத்தது. மருந்து கொடுத்த குடுவைகளில் ஜீன் மூன்று மடங்கு ஏறியிருந்தது. கொடுக்காதவை கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தன. யாரையும் பாராட்டியே பழக்கமில்லாத பேராசிரியை அதைப் பார்த்துவிட்டு "ம்" என்றார். படிப்பு முடிந்ததும் ஆய்வகத்தில் சேர ஒரே ஓர் இடம்தான் இருந்தது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சொதப்பாமல் பேசினால் அது அவளுக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பேச்சைத் தயாரிக்க உட்கார்ந்தாள். அம்மா கதவைத் திறந்தாள்.

"படிக்கிறியாம்மா?"

பத்து நிமிடத்தில் பால் வந்தது. அப்புறம், "ஃபேன் போடட்டுமா?" அதற்கப்புறம் சும்மா ஒரு எட்டு. கூடத்திலிருந்து அப்பா கத்தினார்.

"நீ இப்படி எட்டி எட்டிப் பார்த்தா அவ எங்க படிப்பா? எப்ப கதவு திறக்குமோன்னு பதறிக்கிட்டேதான் உக்காந்திருப்பா!"

கடைக்குட்டிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

மருந்து கொடுத்தவை செத்துத் தொலைந்துவிடுமோ என்ற பயத்தில், அந்தக் குடுவைகளை மட்டும் தினமும் ஏழெட்டு முறை வெதுவெதுப்பான பெட்டியிலிருந்து எடுத்து, ஏசிக் குளிரில் மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்து நலம் விசாரித்திருந்தாள். மற்றவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவற்றுக்கு என்ன கேடு என்று இருந்துவிட்டாள். குளிரும் அந்த ஜந்துக்கு ஆபத்துதானே. ஜீன் ஏறியது மருந்தாலா, இவள் காட்டிய குளிராலா?

திங்கட்கிழமை, ஐந்து வருடமாக அங்கே குப்பை கொட்டும் மூத்த ஆய்வாளரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"ஏய், வாயை மூடிக்கிட்டு இரு. நீ எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன்னு யாருக்குத் தெரியும்? இடம் கைக்கு வர்ற நேரத்துல நீயே உன் தலையில மண்ணை வாரிப் போட்டுக்குவியா?"

நியாயமான யோசனைதான். ஆனால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. புதிதாக எட்டுக் குடுவைகள் வைத்தாள். எதற்கும் மருந்து கிடையாது. நான்கை மட்டும் தினமும் எட்டு முறை எடுத்துப் பார்த்தாள், மற்ற நான்கின் பக்கமே போகவில்லை. வியாழக்கிழமை அளந்தபோது, பார்த்தவற்றில் ஜீன் மூன்று மடங்கு ஏறியிருந்தது. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஆறு மாதமும் போச்சு, இடமும் போச்சு.

வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் பழையது, புதியது என்று இரண்டு சோதனைகளின் அட்டவணைகளையும் காட்டினாள்.

"மேடம், மருந்து வேலை செய்யுதான்னு எனக்குத் தெரியல. இத்தனை நாளா நான் அளந்தது என்னோட கவலைய."

பேராசிரியை "ம்" கூடச் சொல்லவில்லை. நாற்காலியை மெதுவாக மற்றவர்கள் பக்கம் திருப்பினார்.

"நீங்கல்லாம் மருந்து குடுத்த குடுவைய ஒரு நாளைக்கு எத்தனை தடவை எடுத்துப் பார்க்கிறீங்க?"

மூத்த ஆய்வாளர் தரையில் எதையோ மும்முரமாகத் தேடினார்.

"அந்த இடம் இவளுக்குத்தான்," என்றார் பேராசிரியை. "சேர்ந்ததும் முதல் வேலையா உங்க எல்லாரோட சோதனையையும் இவ திரும்பச் செய்வா. சீனியாரிட்டிப்படி ஆரம்பிக்கட்டும்."

சந்தோஷத்தில் கால் தரையில் பாவாமல் கடைக்குட்டி வெளியே வந்தாள். பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்தார் மூத்தவர்.

"தங்கச்சி, உனக்கு இருக்கிற மூளைக்கு இந்த இடமெல்லாம் பத்தாதும்மா. வெளிநாட்டுல நல்லதா ஒண்ணு பார்த்துத் தரட்டுமா?"