மாலை போட்ட மிஷின்

2009-இல் சின்னமனூர்ப் பக்கத்து மெக்கானிக்குகள் சங்கத்துக்கு ஒரு மிஷின் வந்தது. ஃபிரிட்ஜ், குளிர் அறைகளில் இருக்கும் பழைய கேஸை வெளியே விடாமல் உறிஞ்சி சிலிண்டரில் அடைக்கும் மிஷின். தலைவர் முத்துக்கருப்பன் அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் பூட்டிவைத்தார். செப்டம்பர் பதினாறு, ஓசோன் தினத்தில் திறப்பு விழா. அதுவரை யாரும் தொடக் கூடாது.

பதினான்காம் தேதி காலை மெக்கானிக் நௌஷாத் வந்து நின்றான்.

"அண்ணே, சாவியக் குடுங்க. ஓடைப்பட்டில ஞானதுரை அண்ணன் திராட்சைக் குளிர் அறையப் பிரிக்கிறாக. உள்ள பன்னெண்டு கிலோ பழைய கேஸ் இருக்கு. சாயங்காலம் காயலான்கடை லாரி வருது. நாம எடுக்கலைன்னா ரம்பத்தால குழாய அறுத்துருவாக."

"ஏலே, அதிகாரி வந்து ரிப்பன் வெட்டணும். நீ கிரீஸ் கையால தொட்ட மிஷினையா அவுக தொறந்து வைப்பாக?"

"தொடச்சுக் குடுக்குறேண்ணே."

"மாலை கசங்கிரும். போ, போ."

மெக்கானிக்குகளுக்கு மதுரையில் நடந்த பயிற்சிக்குப் போகும்வரை, பழைய கேஸ் வெளியே போகட்டும் என்று வால்வைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போகிற ஆள்தான் நௌஷாத். அந்தக் கேஸ் மேலே போய் நூறு வருஷம் கிடக்கும்; செப்டம்பர்தோறும் தென் துருவத்துக்கு மேலே ஓசோனைத் தின்று ஓட்டை போடும்; கீழே இருப்பவர்களின் தோலும் கண்ணும் கெடும் என்று அங்கேதான் தெரிந்தது. இனி ஒரு கிலோவைக்கூட விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்திருந்தான்.

சாயங்காலம் ஓடைப்பட்டியில் ரம்பம் இறங்கியது. குழாய் சீறியது.

"வெறும் காத்துதானப்பா. இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றான் ரம்பக்காரன்.

நௌஷாத்துக்கு அவனை அடிக்கத் தோன்றவில்லை. அடிக்க வேண்டியவர் சின்னமனூரில் மாலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

பதினாறாம் தேதி ரிப்பன் வெட்டப்பட்டது. வானத்தின் கிழிசலைத் தைக்க வந்த ஊசி என்று முத்துக்கருப்பன் மிஷினைப் புகழ்ந்தார். கைதட்டல் அடங்கியதும் அதிகாரி கேட்டார்:

"எங்க, ஓட்டிக் காட்டுங்க பார்ப்போம்."

நிகழ்ச்சி நிரலில் அது இல்லை.

"நௌஷாத்து! பழைய கேஸ் ஏதாச்சும் இருந்தாக் கொண்டாப்பா," என்றார் தலைவர், பல்லெல்லாம் தெரிய.

நௌஷாத் எழுந்தான். மைக் இல்லாமலே பின்வரிசைவரை கேட்டது.

"இருந்துச்சுண்ணே, பன்னெண்டு கிலோ. முந்தாநாளு சாவி கேட்டு வந்தேன்ல, அதுதான். ஒங்க மாலை கசங்கக் கூடாதுன்னு அது மேல கெளம்பிருச்சு."

கூட்டம் சிரித்தது. நௌஷாத் சிரிக்கவில்லை. மேடையேறினான். மாலையைக் கழற்றி முத்துக்கருப்பன் கழுத்தில் போட்டான். உறையை டர்ரென்று கிழித்து, மிஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்தான்.

தேவதானப்பட்டியில் மறுநாள் இன்னொரு குளிர் அறையைப் பிரிக்கிறார்கள்.