குட்டைப்பிடி அகப்பை

ஏரிக்கரைப் பனியில் வழுக்கி விழுந்ததில், இர்யாவின் வலது முழங்கை யாரோ மேலே உட்கார்ந்துவிட்ட பிஸ்கட் பொட்டலம்போல் நொறுங்கிப் போயிருந்தது. எழுபத்தாறு வயது எலும்பில் தகடு வைத்தால் திருகாணி நிற்காது, செயற்கை மூட்டுதான் வழி என்றார் டாக்டர் ஹுவாரினென்.

"கதவுக் கீல் மாதிரிதான். மடக்கலாம், நீட்டலாம். ஆனா அந்தக் கையால கனமா எதையும் தூக்கக் கூடாது. ஆயுசுக்கும்."

மயக்கமருந்து, தொற்று, தழும்பு, எதைப் பற்றியும் இர்யா கேட்கவில்லை. கணவர் தவுனோவைப் பார்த்தாள். அவர் பையைத் திறந்து ஓர் அகப்பையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

சவுனா என்னும் நீராவிக் குளியலறையில் கனலும் கற்கள்மேல் தண்ணீர் வீசி ஆவி கிளப்பும் அகப்பை. கல்யாணமான நாள்முதல் அது இர்யாவின் கையில்தான். தவுனோவின் வேலை, மேல்படியில் உட்கார்ந்து வேகுவது.

டாக்டர் சிரிக்கவில்லை. அவர் வீட்டிலும் சவுனா உண்டு. அகப்பையில் தண்ணீர் பிடித்து, சுவரைப் பார்த்து இரண்டு முறை வீசுவதுபோல் அசைத்தார். சட்டை நனைந்தது.

"கனம் பரவாயில்ல. பிடிதான் நீளம், மூட்டை முறுக்கும்."

"அப்போ இந்த மனுஷனா ஊத்தணும்? கல்லையே அணைச்சிடுவாரும்மா இவரு," என்றாள் இர்யா, பக்கத்திலிருந்த நர்ஸிடம்.

"பிடியை வெட்டிக் குட்டையாக்குங்க. வாளியை அவர் தூக்கட்டும்."

பதவி கைக்கு எட்டி நழுவிய அரசியல்வாதிபோல் தவுனோ தலையாட்டினார். அன்றே பிடியை அறுத்தார், கோணலாக.

புது மூட்டு ஆறி, ஏரியும் உருகிய பிறகு முதல் சவுனா. பிடி குட்டையானதால் ஆவி கையைச் சுட்டது. இர்யா வலது கையில் கம்பளி உறை மாட்டிக்கொண்டாள். உடம்பில் வேறு துணி இல்லை.

"சிரிச்சே, வெளிய தள்ளிடுவேன்."

"நான் சுவரைத்தான் பாக்குறேன்."

வீசினாள். பாதித் தண்ணீர் கல்லில் படாமல் தரையில் விழுந்தது. மறுபடி வீசினாள். சுர்ரென்று சின்னச் சத்தம், அவ்வளவுதான். தவுனோவின் காதுமடல்கூடச் சூடேறவில்லை.

"போதுமா?" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் கேட்டதே இல்லை. அவர் ஓடும்வரை ஊற்றுவதுதான் வழக்கம். இப்போது அகப்பை மெல்ல அவர் பக்கம் நீண்டது.

தவுனோ இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, போதும் தாயே. காது வெந்துபோச்சு."

"கோழை," என்று சொல்லிவிட்டு இர்யா அகப்பையை மறுபடி வாளிக்குள் விட்டாள்.