இடப்பக்கம் வையுங்க

"எரியுதுங்க சிஸ்டர்," என்று மூன்றாவது முறையாகச் சொன்னாள் சாந்தாமணி.

"கீமோன்னா கொஞ்சம் எரியத்தாம்மா செய்யும். பொறுத்துக்குங்க." நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

போன முறை இப்படி எரியவில்லை. ஊசி குத்தியிருந்த புறங்கை பன் மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. சாந்தாமணி அதற்குமேல் யாரையும் கூப்பிடவில்லை. மறு கையால் எட்டி, குழாயில் இருந்த சின்னச் சக்கரத்தை உருட்டிச் சிவப்பு மருந்தை அடைத்தாள்.

நர்ஸ் ஓடி வந்தாள். "யாரும்மா உங்களை அதைத் தொடச் சொன்னது?"

"மூணு தடவ சொன்னேனுங்க. நீங்க தொடல. நான் தொட்டேன்."

சாந்தாமணி பதினோரு வருஷமாகப் பிக்கப் ஓட்டுகிறவள். குன்னூருக்கு மேலே சிறு விவசாயிகளின் தோட்டங்களிலிருந்து தேயிலைக் கொழுந்து மூட்டைகளை ஏற்றி பேக்டரியில் இறக்குவது அவள் வேலை. கழுத்தில் நெறிகட்டியது கரையாமல் இருக்க, கோயமுத்தூரில் காட்டியபோது நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறையாக ஆறு முறை மருந்து. இது இரண்டாவது.

டாக்டர் ரேணுகா வந்து கையைப் பார்த்ததும், அந்த ஊசி வழியாகவே கசிந்த மருந்தை முடிந்தவரை உறிஞ்சி எடுத்தார். ஐஸ் வைக்கச் சொன்னார்.

"நல்ல வேளை, நிறுத்தினீங்க. இந்த மருந்து நரம்புக்கு வெளியே போனா சதையையே அரிச்சிடும்," என்றவர் நர்ஸ் பக்கம் திரும்பி, "எரியுதுன்னு சொன்னா முதல்ல நிறுத்தணும். அப்புறம்தான் பேச்சு," என்றார்.

பத்து நாள் கழித்துப் புறங்கையில் காசளவு தோல் கறுத்து உரிந்தது. டாக்டர் இரண்டு கைகளையும் தடவிப் பார்த்துவிட்டு, இனிக் கை நரம்பு தாங்காது என்றார்.

கணவன் மயில்சாமிக்கு மனசு ஒப்பவில்லை. "இன்னும் நாலு தடவதானுங்களே டாக்டர்? பொறுமையாப் பாத்துக் கையிலயே போட்டுற முடியாதுங்களா?"

"ஏனுங்க, எரிஞ்சது உங்க கையா, என் கையா?" என்றாள் சாந்தாமணி.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். "முழங்கைக்கு மேல மெல்லிய குழாய் ஒண்ணை விட்டு நெஞ்சு வரைக்கும் கொண்டுபோகலாம். கத்தி வேண்டாம். ஆனா நுனி வெளியே இருக்கும். வாராவாரம் கட்டு மாத்தணும், நனையவே கூடாது."

"எங்கூர் மழையிலீங்களா? வாராவாரம் பர்லியார் மலை வளைவெல்லாம் இறங்கி வரோணுமா? ஆகாதுங்க."

"அப்போ போர்ட். சின்ன டப்பி. காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில வெச்சுத் தைச்சிடுவோம். அதிலிருந்து குழாய் பெரிய ரத்தக்குழாய்க்குள்ள போகும். மருந்து ஏத்தறப்ப மட்டும் மேல ஊசி. வைத்தியம் முடிஞ்சதும் எடுத்திடலாம்."

"அதையே வையுங்க. ஆனா இடப்பக்கம் வையுங்க."

"வழக்கமா வலப்பக்கம்தான் வைப்போம். குழாய் நேரா இறங்கும்."

சாந்தாமணி மயில்சாமியின் தோளில் கிடந்த துண்டை உருவி, தன் வலத் தோளிலிருந்து இடது இடுப்புக்குக் குறுக்கே பிடித்துக் காட்டினாள். "டிரைவர் சீட்டுல பெல்ட் இப்படித்தானுங்க வரும். நீங்க வைக்கற டப்பி மேலயே அழுந்தும்."

"இந்த நிலைமையில வண்டி ஓட்டப் போறீங்களா?"

"மூட்டை தூக்கறதுக்கு ஆளிருக்குதுங்க. ஓட்டறதுக்கு நான்தான்."

டாக்டர் ஸ்கேன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இடப்பக்கம்னா குழாய் வளைஞ்சு போகணும். முடியும். ஆனா ஒவ்வொரு தடவையும் மருந்து ஏறின ரெண்டு வாரம் வண்டிப் பக்கமே போகக் கூடாது."

"சரிங்க."

அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்துச் செய்தார்கள். வலியில்லை, யாரோ தோலைப் பிடித்து இழுப்பதும் அழுத்துவதும் தெரிந்தது. "பயமா இருக்காம்மா?" என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"இருக்குதுங்க. அதுக்காக நிறுத்திராதீங்க."

மூன்றாவது முறைக்குப் போனபோது அதே நர்ஸ் கையில் கட்டும் ரப்பர் பட்டையோடு வந்தாள். "போர்ட்டுக்குன்னு தனி ஊசிம்மா. இங்க ஸ்டாக் தீர்ந்துபோச்சு. இன்னைக்கு மட்டும் கையில போட்டுக்கலாம்."

சாந்தாமணி இரண்டு கைகளையும் ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டாள். "ஊசி வர்ற வரைக்கும் உக்காந்திருக்கறேன்."

"லேட்டாகும்."

"ஆகட்டுங்க."

மயில்சாமி கட்டிலோரம் நெளிந்தான். பிறகு என்ன நினைத்தானோ, எழுந்து நர்ஸிடம் போய், "எந்தப் பில்டிங்ல இருக்கும்னு சொல்லுங்க சிஸ்டர், நானே வாங்கியாறேன்," என்றான்.

ஒன்றரை மணி நேரத்தில் ஊசி வந்தது. நர்ஸ் கையுறை போட்டு, மருந்து போட்டுத் துடைத்து, நேராக ஒரே குத்தாக இறக்கினாள். 

"ரத்தம் திரும்பி வருதான்னு காட்டிட்டு ஏத்துங்க," என்றாள் சாந்தாமணி. ரத்தம் வந்தால்தான் ஊசி சரியாக இறங்கியிருக்கிறது என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள்.

நர்ஸ் சிரிஞ்சை இழுத்துக் காட்டினாள். சிவப்பு ஏறியது. பிறகு மருந்து ஒரு பொட்டு எரிச்சலில்லாமல் இறங்கியது. "அன்னைக்கு நான் கவனிச்சிருக்கணும்மா," என்றாள் நர்ஸ் தாழ்ந்த குரலில். சாந்தாமணி தலையை மட்டும் ஆட்டினாள்.

மருந்து ஏறிய பதினாறாம் நாள், மொட்டைத் தலையில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு, முப்பது மூட்டைக் கொழுந்தோடு பேக்டரி வாசலில் வண்டியை நிறுத்தினாள். எடை போடும் ராஜசேகர் பேனாவைப் பிடித்தபடி அவளையே வெறித்துக்கொண்டு நின்றான்.

"என்னத்தப் பாக்கறீங்க?" என்றாள் சாந்தாமணி. "எடையைப் பாருங்க. இன்னும் ரெண்டு தோட்டத்துக்குப் போகோணும்."