களப்பயிற்சியின் முதல் கேள்வி

கடல் எல்லைக் கோடு பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்ததிலிருந்து, சர்வதேச உறவுகள் துறையின் இரண்டாம் மாடி நடைபாதை நீண்டுகொண்டே போகிறது. யாரும் குறை சொல்லவில்லை. கோட்டோடு நிதியும் வந்திருந்தது.

ஏற்பாடு எளிமையானதுதான். ஆய்வு மாணவர்களைக் களப்பயிற்சிக்காகக் கடலுக்கு அனுப்பப் பணம் போதாது. கோட்டைச் சென்னைக்கு வரவழைப்பது மலிவு. தார்ப்பாயில் சுருட்டி லாரியில் ஏற்றி, ஒரு மழை நாளில் கொண்டுவந்து இறக்கினார்கள். பிரித்துப் போட்டபோது நடைபாதையின் குறுக்கே ஒரு முழ அகலத்துக்கு ஈரமாகக் கிடந்தது. அவ்வளவுதான் கோடு. இந்தப் பக்கம் கருத்தரங்கக் கூடம், ஜெராக்ஸ் மெஷின், தண்ணீர் கேன். அந்தப் பக்கம் முன்பு கழிப்பறை இருந்தது. இப்போது அது வேறு நாடு. மாணவர்கள் கீழ்த்தளத்துக்குப் போய்வந்தார்கள்.

கோட்டருகே உட்கார்ந்து பயிற்சி பெற ஒரே ஓர் ஆய்வாளருக்கு உதவித்தொகை உண்டு. விண்ணப்பித்தவர்களில் அருள்சீலியும் ஒருத்தி. ராமேஸ்வரம் பக்கத்துக் கடற்கரைக்காரி. அவளுடைய அப்பா சந்தியாகு, அவள் பத்தாவது படிக்கும்போது படகேறிப் போனவர். படகு கோட்டைத் தாண்டியதைப் பார்த்தவர்கள் உண்டு. திரும்பியதைப் பார்த்தவர் இல்லை. கோவிலில் அவருக்காக இரங்கல் பூசை வைக்க அம்மா சம்மதிக்கவில்லை. அவருடைய சட்டை ஒன்றை மட்டும் அவ்வப்போது துவைத்துக் காயப்போடுவாள். துவைக்கத் துவைக்க அது பெரிதாகிக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் கொடியில் வேறு துணிக்கு இடமில்லை.

அவளைச் சர்வதேச உறவுகள் படிக்க வைத்தது அந்தச் சட்டைதான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வெளியுறவுத் துறையில் நல்ல எதிர்காலம் இருக்கிறது என்று சொல்லிவைத்திருந்தாள். கேட்டவர்களும் சிரிக்காமல் தலையாட்டினார்கள்.

நேர்முகத் தேர்வை நடத்தியது அவளுடைய நெறியாளர் பேராசிரியர் கோதண்டபாணியின் குரல். ஜெனீவாவுக்குக் கருத்தரங்குக்குப் போனவரின் பயணப்படி பில் இன்னும் பாஸாகவில்லை. ஆகவே உடல் அங்கேயே நிற்கிறது. குரலை மட்டும் முன்பணமாக விடுவித்திருந்தார்கள். அது நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்தும். கையெழுத்து என்று யாராவது வந்தால் மட்டும் வருத்தப்படும். அருள்சீலி வழக்கம்போல் அதற்கு எழுந்து நின்றாள். தன் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் புக் பண்ணியாயிற்றா என்று குரல் முதலில் விசாரித்தது. பண்ணிவிட்டதாகச் சொன்னாள். தேர்வு தொடங்கியது.

"கோட்டுக்கு அந்தப் பக்கம் தெரிஞ்சவங்க யாராவது உண்டா?"

"இல்ல சார்."

"சொந்தம்?"

"இல்ல சார்."

"நல்லது. சொந்தம் இருந்தா ஆய்வு கெட்டுப்போகும். உதவித்தொகைய அப்பவே நிறுத்திருவாங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆபீஸ் சூப்பரிண்டெண்ட் பங்கஜவல்லி, கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. உதவித்தொகை அருள்சீலிக்குக் கிடைத்தது.

பயிற்சி இதுதான். கோட்டுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு நாற்காலி. அந்தப் பக்கம் யார் வந்து உட்கார்ந்தாலும் அச்சிட்ட கேள்விகளை வரிசையாகக் கேட்கவேண்டும். முதல் கேள்வி: எங்கே செல்கிறீர்கள்?

முதல் நாள் வந்து உட்கார்ந்தவர் சந்தியாகு.

போனபோது உடுத்தியிருந்த அதே கைலி, அதே கட்டம்போட்ட சட்டை. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வயது கூடவில்லை. இப்படியே போனால் ஒருநாள் தானும் அப்பாவும் ஒரே வயதுக்காரர்கள் ஆகிவிடுவோம் என்று அருள்சீலிக்குத் தோன்றியது. அப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவதா என்று யோசித்தாள்.

அவர் பின்னால் அந்தத் தரப்பின் அதிகாரி நின்றார். அவருக்கு இன்னும் முகம் ஒதுக்கப்படவில்லை. இந்தப் பெண்ணைத் தெரியுமா என்று அவர் சந்தியாகுவிடம் கேட்டார். சந்தியாகு அவளைப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். பெயருக்குக் கீழே 'ஆய்வாளர்' என்று போட்டிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்து முடித்ததும் முதுகு நிமிர்ந்தது.

"தெரியாதுங்க."

அருள்சீலி அதைக் குறித்துக்கொண்டாள். தாள் நனைந்திருந்ததால் அழுத்தி எழுத வேண்டியிருந்தது.

அதன்பின் தினமும் வந்தார். அவள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குவாள். காற்று எப்படி, மீன்பாடு எப்படி, வலை என்ன ஆயிற்று. பதிலுக்குக் கேள்வி கேட்க விதியில் இடம் இருந்தது. எதிர்த் தரப்பு காலையில் சாப்பிடுகிறதா என்று அவர் கேட்டார். இட்லி என்று பதிவு செய்யப்பட்டது. எதிர்த் தரப்பின் வீட்டில் கூரை ஒழுகுகிறதா என்றார். ஓடு மாற்றியாயிற்று என்று பதிவானது. எதிர்த் தரப்பு இளைத்துத் தெரிகிறது என்று ஒருநாள் அதிகாரியிடம் முறையிட்டார். அது ஆட்சேபணையாக ஏற்கப்பட்டது.

மாலையானதும் எழுந்து நடப்பார். நடைபாதைக் கோடியில் ட்யூப் லைட்டுகள் தூரத்துப் படகுகள் மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு நடுவில் போய்ச் சேர்வார்.

பங்கஜவல்லி ஒருநாள் அவளை அழைத்தார்.

"ஏம்மா, முதல் கேள்விய மட்டும் கேக்கவே மாட்டேங்கற?"

"விட்டுப்போச்சு மேடம்."

"தினமுமா விட்டுப்போகும்? கடைசி நாளாவது கேட்டுரு. ஆடிட்டுல என் தலைதான் உருளும்."

அவள் தலையாட்டினாள். காரணத்தைச் சொல்லவில்லை. அவள் ஊர்க் கரையில், கடலுக்குப் புறப்பட்ட ஆளிடம் எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் அந்தப் போக்கு கெட்டது. ஆள் திரும்பிவந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்படவேண்டும். சிலர் அன்றைக்குப் போகாமலே இருந்துவிடுவார்கள். சந்தியாகு போன காலையில் தெருவே ஒழுங்காக வாயை மூடிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தைகூடக் கேட்கவில்லை.

நிதியாண்டு முடிந்தது. கோட்டைத் திருப்பி அனுப்பும் நாளில் சுமைதூக்குபவர்கள் தார்ப்பாயோடு வந்தார்கள். சிறு விழா ஏற்பாடாகியிருந்தது. சமோசா வந்திருந்தது. கோதண்டபாணியின் குரல் நன்றியுரை ஆற்றி, முகமில்லாத அதிகாரிக்குப் பொன்னாடை போர்த்தியது. போர்த்தக் கை இல்லாததால் பொன்னாடை தரையில் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

சந்தியாகு எழுந்தார். கைலியை மடித்துக் கட்டினார். அவளைப் பார்க்காமல், அந்நியர் புறப்படுகிற மாதிரியே புறப்பட்டார். அன்று நடைபாதை கண்ணுக்கெட்டாத தூரம் போயிருந்தது. சுமைதூக்குபவர்கள் கோட்டின் ஒரு முனையைச் சுருட்டத் தொடங்கினார்கள். சுருட்டிய இடத்தில் கழிப்பறைக் கதவு தெரிந்தது. மறுமுனை வரை சுருட்டிவிட்டால் அங்கே கழிப்பறை மட்டும்தான் இருக்கும்.

அருள்சீலி கோட்டின் ஓரத்தில் நின்றாள். கையில் கேள்வித்தாள் இருந்தது. அதைப் பார்க்கவில்லை.

"எங்கப்பா போறீய?"

சுமைதூக்குபவர்கள் நிமிர்ந்தார்கள். சமோசா சாப்பிட்டவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"அப்பாவா?" என்றது குரல். ஜெனீவாவில் நின்ற உடலும் திரும்பிப் பார்த்திருக்கும். உதவித்தொகை இந்த நிமிடத்தோடு ரத்து என்று குரல் அறிவித்தது. அவள் கழுத்து அட்டையிலிருந்து 'ஆய்வாளர்' மட்டும் கரைந்து தரையில் சொட்டியது. அவள் அட்டையைக் கழற்றி ஜெராக்ஸ் மெஷின் மேல் வைத்தாள். கேள்வி கேட்கப்பட்டது என்று பங்கஜவல்லி குறித்துக்கொண்டார்.

தூரத்தில் சந்தியாகு நின்றுவிட்டிருந்தார். திரும்பி வெகுநேரம் நடந்து வந்தார். முகத்தில், கரையில் யாராவது அப்படிக் கேட்டுவிட்டால் வரும் அதே கோபம்.

"கடலுக்குப் போறவன இப்புடிக் கேக்கலாமா தாயி?"

"கேட்டுட்டேன்ப்பா."

"படிச்ச புள்ள."

"ஆமா."

வேறு வழியில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதன் ஒரு கால் கோட்டின் மேல் ஏறி நின்றது. சுமைதூக்குபவர்கள் இழுத்துப் பார்த்தார்கள். கோடு வரவில்லை. அதற்கு மேல் என்ன செய்வது என்று அவர்களுக்கு உத்தரவில்லை. தார்ப்பாய் மேலேயே உட்கார்ந்தார்கள்.

அருள்சீலி தண்ணீர் கொண்டுவந்து டம்ளரை நீட்டினாள். கோட்டைத் தாண்டிய கை முழங்கைவரை நனைந்தது. அவர் அண்ணாந்து குடித்தார். பாதியில் நிறுத்தினார்.

"உப்பே இல்லையே," என்றார்.

மீதியையும் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டார். குடித்து முடித்தால் போய்விடுவாரா என்று அவள் கேட்கவில்லை. கேனின் குழாயைக் கொஞ்சமாகத் திறந்து, டம்ளர் மெதுவாக நிறையட்டும் என்று நின்றாள்.