சாவிக்குள் ஒரு கறுப்புத் துண்டு

சம்பந்தி வீட்டுப் பொருளைக் குறையோடு திருப்பிக் கொடுப்பதைவிட ஊரைவிட்டே ஓடிப்போவது மேல் என்பது ஸ்டோர்காரரின் கட்சி. முப்பத்தொரு வருடம் ஒரு நூல் ஆலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் தெருவில் யாருக்கும் தெரியாது. ஸ்டோர்காரர் வீடு என்றால் கைப்பிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள்.

அப்போது அவர் பொறுப்பில் இருந்தது மாப்பிள்ளையின் கார். மூன்று மாத வேலையாக வெளிநாடு கிளம்பிய மாப்பிள்ளை, "எங்க வீட்டு வாசல்ல அப்பாவோட ஆறு தண்ணி வேன் நிக்குது மாமா. யாராவது உரசிட்டுப் போயிடுவாங்க. உங்ககிட்ட இருந்தா எனக்கு நிம்மதி" என்று சொல்லிக் காரை இங்கே விட்டுப் போனார். இருந்த இரண்டு சாவிகளில் ஒன்று ஞாபகமில்லாமல் அவர் பையோடு விமானம் ஏறிவிட்டது.

சம்பந்திக்கு இந்த ஏற்பாடு சுருக்கென்று தைத்தது. பெற்றவன் கல்லு மாதிரி இருக்க, மாமனாரிடமா ஒப்படைப்பது? அன்றிலிருந்து போனில் பேசும்போதெல்லாம், "எங்க வண்டி நல்லா இருக்கா சம்பந்தி?" என்று அந்த 'எங்க'வை ஒரு அழுத்து அழுத்தியே கேட்பார். ஸ்டோர்காரரும் விட்டுக்கொடுக்காமல், "உங்க வண்டி எங்க வீட்ல ராஜா மாதிரி இருக்கு" என்பார்.

மாப்பிள்ளை திரும்பி வரும் நாள் நெருங்கியது. அன்று காலையில் சம்பந்தி வந்து காரை எடுத்துக்கொண்டு, சாயங்காலம் விமான நிலையம் போய் மகனை அழைத்து வருவதாகப் பேச்சு. ஸ்டோர்காரர் காரைக் கழுவித் துடைத்து, பெட்ரோல் நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துவைத்தார். இனி ஒரு கிலோமீட்டர்கூட ஏறக்கூடாது. சம்பந்தி வருவதற்கு முந்தின நாள்தான் சாவி சண்டித்தனம் செய்தது. மூன்று முறை அழுத்தினால் ஒரு முறை கதவு திறந்தது.

ஷோரூமுக்குப் போன் செய்தார். பேட்டரி மாற்ற அங்கிருந்த பெண் ஒரு தொகை சொன்னாள்.

"அம்மா, நான் கேட்டது பேட்டரி. புதுக் கதவு இல்ல."

"இந்தச் சாவிக்கு அதான் சார் சார்ஜ்."

தெருமுனையில் ஸ்பானர் இருந்தான். அந்த மெக்கானிக்கின் நிஜப் பெயரும் யாருக்கும் தெரியாது. கேட்டிருந்தால் சும்மாவே செய்து கொடுத்திருப்பான். ஆனால் ஒரு பட்டன் செல்லுக்காக இன்னொருவன் வாசலில் போய் நிற்பதா? கடிகாரக் கடையில் இரண்டு டீ விலைக்கு அந்த செல்லை வாங்கிவந்து, மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார்.

"தெரியாத வேலைல கைய வைக்காதீங்க" என்றாள் மனைவி.

"நான் பிரிக்காத பெட்டியா? போ, போய் வேலையைப் பாரு."

சாவியின் விளிம்பில் கத்தி முனையைக் கொடுத்து நெம்பினார். சிப்பி மாதிரி இரண்டாகத் திறந்துகொண்டது. பழைய செல்லை எடுத்துப் புதியதைப் பொருத்தினார். அப்போதுதான் மற்றப் பாதியின் மூலையில், ஒரு சின்னக் குழிக்குள், அரிசி அளவில் ஒரு கறுப்புத் துண்டு செருகியிருந்ததைக் கவனித்தார். கம்பி இல்லை, ஈயப்பற்று இல்லை, எதோடும் ஒட்டு உறவில்லை.

ஸ்டோர்காரருக்கு உடனே விளங்கிவிட்டது. ஆலைக்கு வரும் புது இயந்திரம் எதுவானாலும், வழியில் ஆடாமலிருக்க உள்ளே எங்காவது ஒரு பேக்கிங் துண்டைச் செருகித்தான் அனுப்புவார்கள். அதை மறக்காமல் எடுப்பதுதான் ஸ்டோரின் முதல் வேலை. ஒருமுறை ஃபிட்டர்கள் எடுக்காமல் ஓட்டி மோட்டாரே புகைந்துபோனது. 'இத்தனை வருஷமா இதை எடுக்காமலே ஓட்டியிருக்கார் மாப்பிள்ளை' என்று தனக்குள் சிரித்துக்கொண்டு, சாவியைத் தட்டித் துண்டை உதிர்த்தார். செய்தித்தாளைச் சுருட்டிக் குப்பையில் போட்டார். அரை மணியில் குப்பை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போயிற்று.

ஜன்னலருகே நின்று சாவியை அழுத்தினார். வாசலில் கார் இரண்டு கண்ணையும் சிமிட்டியது. மனைவியைக் கூப்பிட்டு இன்னொரு முறை சிமிட்ட வைத்துக் காட்டினார்.

மறுநாள் காலை சம்பந்தி தம் தண்ணீர் வேன் ஒன்றில், டிரைவரோடும் மருமகளோடும் வந்து இறங்கினார். ஸ்டோர்காரரின் மகள் அம்மாவைத் தேடி உள்ளே ஓடினாள். சம்பந்தி காபியைக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காரைச் சுற்றிவந்தார். குறை எதுவும் அகப்படவில்லை. உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

இன்ஜின் உறுமி, இரண்டு நொடியில் அடங்கியது. மறுபடி திருப்பினார். மறுபடியும் அதே கதை. முன்பலகையில் சாவி வடிவத்தில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது.

"என்ன சம்பந்தி, மேல பளபளன்னு வச்சிருக்கீங்க. உள்ள உயிரைக் காணோமே."

சத்தம் கேட்டு மகளும் மனைவியும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். என்ன கோளாறு என்று ஸ்டோர்காரருக்கு நிஜமாகவே தெரியவில்லை. ஆனால் கத்தி முனை மட்டும் நினைவுக்கு வந்து போயிற்று.

"போன வாரம் பஞ்சர் பார்க்க ஸ்பானர்கிட்ட விட்டேன். சாவி ஒரு நாள் முழுக்க அவன்கிட்டதான் இருந்தது" என்றார்.

ஒவ்வொரு சொல்லும் உண்மைதான். வரி வரியாகச் சரியாக இருந்து மொத்தத்தில் பொய்யான பில்கள் எத்தனையோ அவர் கைக்கு வந்திருக்கின்றன. இது எந்த வகை என்பது அவருக்குத் தெரியும்.

ஸ்பானரை வரவழைத்தார்கள். இரண்டு மாதமாகச் சம்பந்தியின் ஆறு வேன்களையும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். ஸ்டோர்காரர், 'கை சுத்தம், நான் பொறுப்பு' என்று சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை அது. வந்தவன் பானெட்டைத் திறக்கவே இல்லை. சிவப்பு விளக்கைப் பார்த்தான். சாவியை வாங்கி நகத்தால் விளிம்பைத் தடவினான். அங்கே புதிதாக ஒரு வெள்ளைக் கீறல் இருந்தது.

திறந்து பார்த்து, "இந்தக் குழியில ஒரு சிப் இருக்கணும்" என்றான். "கறுப்பா, அரிசி மாதிரி. அது இருந்தாதான் வண்டி தன் சாவியை அடையாளம் கண்டுக்கும். இல்லேன்னா கதவு திறக்கும், இன்ஜின் ஓடாது." பிறகு தலையைத் தூக்கி, "சாவியை யார் சார் திறந்தது?" என்றான்.

மனைவி கணவனையே பார்த்தாள்.

"நான் எதுக்குப்பா திறக்கறேன்?" என்றார் ஸ்டோர்காரர்.

ஸ்பானர் கீறலைப் பார்த்தான். மினுங்கும் புது செல்லைப் பார்த்தான். மாமனார் பக்கமா அப்பா பக்கமா, எங்கே நிற்பது என்று தெரியாமல் தூணோரம் நின்ற மகளையும் ஒருமுறை பார்த்தான்.

"அப்ப என் கடையிலதான் விழுந்திருக்கும் சார்."

சம்பந்தி பிடித்துக்கொண்டார். "கேட்டீங்களா? இப்படிப்பட்ட ஆளுக்கு என் ஆறு வண்டியைக் கொடுத்திருக்கேன். நாளைலேருந்து நீ வர வேண்டாம்ப்பா. நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

ஸ்பானர் அழுக்கே படாத கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஸ்டோர்காரருக்குத் தப்பித்தோம் என்று ஒரு மூச்சு தானாக வெளியே வந்தது. அந்த மூச்சுதான் அவரைக் கலக்கியது. தன் வீட்டு வாசலில், தான் வாக்குக் கொடுத்த ஒருவன், தனக்காகப் பழி ஏற்று நிற்கிறான். தனக்கோ மூச்சு இறங்குகிறது. இதைவிடவா ஒரு கேவலம் இந்தக் குடும்பத்துக்கு வர வேண்டும்?

"சம்பந்தி, சாவியை நான்தான் திறந்தேன்" என்றார். "அந்தத் துண்டைப் பேக்கிங்னு நினைச்சுத் தூக்கிப் போட்டதும் நான்தான். இவனுக்கு இதுல ஒண்ணும் இல்ல."

சம்பந்தி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம்.

"பேட்டரிக் காசு மிச்சம் பிடிக்கவா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கொடுத்திருப்பேனே." வேன் பக்கம் திரும்பி டிரைவரிடம், "எடுப்பா. மூணு மாசம் கழிச்சு வர்றவன் தண்ணி வேன்ல வீட்டுக்கு வரட்டும்" என்றார்.

மகள் அப்பாவின் அருகே வந்தாள். அழவில்லை. குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள்.

"யார் திறந்ததுன்னு கேட்டதுமே சொல்லியிருக்கலாம்ப்பா. இனி அந்த வீட்ல ஒரு டம்ளர் உடைஞ்சாலும் என்னை ரெண்டு தடவை கேப்பாங்க."

சொல்லிவிட்டுப் போய் வேனில் ஏறிக்கொண்டாள். வேன் திரும்பும்போது ஸ்டோர்காரர் கையைத் தூக்கினார். அவள் பார்த்தாளா என்று தெரியவில்லை.

புது சிப் வைத்து அதைக் காருக்குப் பழக்கிக் கொடுப்பவர் இரண்டு தெரு தாண்டி இருந்தார். காரை அங்கே இழுத்துப் போக ஸ்பானர் தன் பிக்கப்பைக் கொண்டுவந்து கயிறு கட்டினான். ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆள் வேண்டும். ஸ்டோர்காரரே ஏறி உட்கார்ந்தார்.

"இன்ஜின் ஓடாம பிரேக் கல்லு மாதிரி இருக்கும். பலமா மிதிக்கணும் சார்."

"ஏன்ப்பா உன் தலையில போட்டுக்கிட்ட?"

ஸ்பானர் முடிச்சை இழுத்துப் பார்த்தான். "உங்க பொண்ணு முகத்தைப் பார்த்தேன். அதான். இன்னொரு தடவை செய்ய மாட்டேன்."

"அந்த ஆறு வேன் விஷயம், நான் சம்பந்திகிட்ட பேசறேன்."

"வேண்டாம் சார், நானே பேசிக்கறேன்" என்றான் அவன், மரியாதை குறையாமல். "நீங்க சொன்னா அவருக்கு இப்ப சந்தேகம்தான் வரும்."

ஸ்பானர் போய்ப் பிக்கப்பில் ஏறினான்.

எதிர்வீட்டுத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "என்ன ஸ்டோர்காரரே, சம்பந்தி வண்டி மக்கர் பண்ணுதா?"

கண்ணாடியை ஏற்றிவிட்டிருக்கலாம். ஏற்றவில்லை.

"வண்டி மேல குத்தமில்ல. நான்தான் கெடுத்தேன். பழியை அவன் மேல போடப் பார்த்தேன்."

தையல்காரர் அதை வேடிக்கைப் பேச்சென்று எடுத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். விளக்கிச் சொல்ல நேரமில்லை. முன்னால் கயிறு இறுகியது. ஸ்டோர்காரர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.