ஊதா முத்திரைக்குக் கீழே

பகல் பன்னிரண்டு மணிக்கு அருள்மலரின் பிரிண்டர் நின்றுபோனது. சிவப்பு மை தீர்ந்துவிட்டதாம். அது இல்லாமல் கறுப்பிலும் அச்சிட மாட்டேன் என்று அடம்பிடித்தது. நூற்றெண்பது பக்கங்களில் நாற்பத்தொன்றுதான் வெளியே வந்திருந்தன.

ஊரை விட்டு வந்து குடியேறிய வெக்ஸ்போர்ட்டில் இருக்கும் தன் வீட்டின் பேஸ்மென்ட் அறையில் அவள் பதினாறு வருடமாக மொழிபெயர்ப்பு வேலை செய்கிறாள். தமிழில் இருக்கும் சான்றிதழ்களையும் கடிதங்களையும் ஆங்கிலமாக்கி, மூலத்துக்கு மாறில்லை என்று உறுதி எழுதிக் கையெழுத்து வைப்பாள். அன்றைய கோப்பு யோசப்புடையது. மன்னார் பேசாலையைச் சேர்ந்தவன், நாற்பது வயது இருக்கும். அவனுடைய அகதிக் கோரிக்கைக்கான பத்திரங்களைக் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். நான்கு மணிக்குள் வழக்கறிஞர் சாம்பவியின் கையில் மொழிபெயர்ப்புகளும் மூலங்களின் கலர் பிரதிகளும் இருக்க வேண்டும். மூலங்கள் மன்னாரிலிருந்து முந்தைய நாள்தான் வந்துசேர்ந்தன. அதுவரை அவள் வேலை செய்தது கறுப்பு வெள்ளைப் பிரதிகளை வைத்துத்தான்.

"பிளாசாவில இருக்கிற பிரிண்ட் கடையில குடுத்து அடிச்சுக்கொண்டு வருவமோ?" என்றாள்.

கதிரை நுனியில் இருந்த யோசப் எழுந்துவிட்டான். "வேண்டாமக்கா. உதில என்ர மனிசி, பிள்ளையளின்ர பேர், விலாசம் எல்லாம் கிடக்கு. ஆரின்ரயும் மெசினுக்க போய் நிக்கக்கூடாது."

அவன் பயத்தைக் குறைசொல்ல முடியாது. பழைய பிரிண்டருக்கான காட்ரிஜை ஓடர் பண்ணினால் வர இரண்டு நாளாகும். அருள்மலர் கார்ச் சாவியை எடுத்தாள்.

"அப்ப புதுசுதான். மை ஊத்துற டாங்க் உள்ளது ஒண்டு எடுப்பம். வா, நீயும் வா."

எக்ளின்டனில் உள்ள கடையில் நடாஷா என்ற தமிழ்ப் பெண் அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கேயே பிறந்தவள்.

"அன்ரி, நிறையப் பேஜ் எண்டா லேசர் எடுங்கோ. இது பிளாக் மட்டும், பட் சூப்பர் ஃபாஸ்ட்."

"கறுப்பு மட்டும் சரிவராது பிள்ளை. முத்திரையள் இருக்கு."

"ஓகே, தென் டாங்க்." நடாஷா இரண்டு மெசின்களைக் காட்டினாள். முதலாவது பெட்டியோடு தயாராக இருந்தது, விலையும் குறைவு. ஆனால் நான்கு நிறமும் கரையும் மை. இரண்டாவதில் கறுப்பு மட்டும் தண்ணீர் பட்டாலும் அழியாத வகை, ஸ்கேனரும் திறமானது. அதில் மிஞ்சியிருந்தது, வாங்க வருகிறவர்கள் பார்ப்பதற்காக ஷெல்ஃபில் மை ஊற்றி வைத்திருந்த அந்த ஒன்றுதான்.

"மனேஜர் ஓம் எண்டா தரலாம். பட் அன்ரி, டாங்க் ஃபுல்லா இருக்கு. காரில சரிஞ்சா மை உள்ளுக்குள்ள கொட்டும், பிறகு ஒண்டும் செய்யேலாது."

மணி ஒன்றாகிக்கொண்டிருந்தது. பெட்டியில் இருப்பதைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்றுதான் அருள்மலருக்குத் தோன்றியது. ஆனாலும் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினாள். யோசப்பின் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனதைப் பற்றிப் பங்குத்தந்தை கைப்பட எழுதிய கடிதம்.

"அக்கா, உதை இங்கயோ?" யோசப் குரலைத் தாழ்த்தினான்.

"ஒரு பக்கம்தான். கொப்பியை விட்டிட்டுப் போகமாட்டன்."

அவன் அவளுக்கும் கடைக்கும் இடையில் முதுகைக் காட்டி மறைத்துக்கொண்டு நின்றான். காட்சிக்கு வைத்திருந்த இரண்டு மெசின்களிலும் கடிதத்தை வைத்துக் கொப்பி எடுத்தாள். முதல் தாளில் எச்சில் விரலால் தேய்த்ததும் எழுத்து கலங்கி விரலோடு வந்தது. முத்திரையின் ஊதாவும் பேனாவின் நீலமும் ஒரே அழுக்காகத் தெரிந்தன. இரண்டாவது தாள் அப்படியில்லை. முத்திரை தனியாக, அதற்குக் கீழே ஓடிய நீல எழுத்து தனியாக, துலக்கமாக இருந்தது.

அந்த நீல எழுத்தை அவள் வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள். மூலத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

ஆனி 12. அவர்கள் ஊர் வழக்கில் ஜூன்.

அவள் ஆடி என்று வாசித்து, ஆங்கிலத்தில் ஜூலை என்று எழுதியிருந்தாள். கறுப்பு வெள்ளைப் பிரதியில் முத்திரையின் கோடு அந்த எழுத்தின் மேல் விழுந்து 'னி'யை 'டி' ஆக்கியிருந்தது.

"அன்ரி, எது வேணும்?"

"உந்த ஷெல்ஃபில இருக்கிறது," என்றாள்.

மனேஜரைத் தேடிப் பிடித்து, பில் போட்டு வெளியே வர ஒன்றே முக்கால். யோசப் முன் இருக்கையில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு பிரிண்டரை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் மட்டமாகப் பிடித்திருந்தான். டாங்குகளில் மை தளும்புவதை இருவரும் பார்த்தார்கள். அருள்மலர் மெதுவாக ஓட்டினாள். பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

வோர்டன் சந்தியில் சிவப்பு விழுந்தது. இதற்கு மேல் மனதுக்குள் வைத்திருக்க அவளால் முடியவில்லை.

"யோசப், நான் ஒரு பிழை விட்டிட்டன். பங்குச் சாமியாரின்ர கடிதத்தில இருக்கிறது ஆனி. நான்தான் ஆடி எண்டு வாசிச்சிருக்கிறன்."

அவன் திரும்பவில்லை. மை மட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் ஆனி எண்டுதானே சொன்னனான்."

"ஓம். சொன்னனீ."

"கடிதத்தில ஆடி எண்டு இருக்கெண்டு நீங்கள்தான் சொன்னியள். அதைக் கேட்டுத்தான் சாம்பவி மிஸ் என்ர வாக்குமூலத்திலயும் மாத்தினவ." குரல் உயர்ந்தது, கைகள் அசையவில்லை. அசைக்கவும் முடியாது. "அடுத்த நாள் அந்தோனியார் திருநாள். பந்தலுக்குக் கயிறு வாங்கப் போன இடத்திலதான் அண்ணையைக் கொண்டுபோனவங்கள். சாமியார் பிழையா எழுதமாட்டார், நான்தான் அந்த நாளையே மறந்திட்டன் எண்டு நினைச்சன். ரெண்டு கிழமையா எனக்கு நித்திரை இல்லை அக்கா. என்ர அண்ணை போன நாளை மறந்துபோன ஒருத்தன் எண்டு..."

பச்சை விழுந்தது. அருள்மலருக்குக் கண் மறைத்தது. துடைத்துவிட்டு ஓட்டினாள். மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்தும் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

வீட்டு வாசலில் காரை நிறுத்தியபடியே சாம்பவிக்குப் போன் அடித்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"வாக்குமூலத்தை நான் இப்பவே திருத்துறன். நீங்கள் மொழிபெயர்ப்பைத் திருத்துங்கோ. ஆனா அன்ரி, ஏன் மாறினது எண்டு விசாரணையில கேப்பினம். பிழை உங்கட எண்டு நீங்கள் எழுதித் தந்தாத்தான் அவர் தப்புவார். உங்கட பேருக்கு அது நல்லதில்லை, தெரியும்தானே?"

"தெரியும். எழுதித் தாறன்."

பிரிண்டரை மேசையில் வைத்து இணைத்ததும் முதல் பக்கமே வெள்ளை வெள்ளைக் கோடுகளாக வந்தது. காரில் ஆடியதில் மைக்குழாய்களுக்குள் காற்றுப் புகுந்திருக்க வேண்டும். அச்சுத் தலையைச் சுத்தம் செய்யும் பொத்தானை அழுத்தினாள். மெசின் முனகியது. இரண்டாவது பக்கத்திலும் கோடு. திரும்ப அழுத்தினாள். இரண்டு இருபது. அந்த நேரத்துக்குள் ஜூலையை ஜூன் ஆக்கி, வேறெங்காவது அந்தத் திகதி நிற்கிறதா என்று தேடினாள். மூன்று இடங்களில் நின்றது. யோசப் பிரிண்டர் முன்னால் முழந்தாளிட்டு இருந்தான், எதையோ முணுமுணுத்துக்கொண்டு.

மூன்றாவது முறை பக்கம் சுத்தமாக வந்தது.

பிறகு அது நிற்கவே இல்லை. வந்த தாள்களை யோசப் வரிசைப்படுத்த, அருள்மலர் ஒவ்வொன்றையும் மூலத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கடைசியாகத் தன் கடிதத்தை அச்சிட்டாள். ஐந்து வரி. பிழை என்னுடையது, யோசப் ஆரம்பத்திலிருந்தே சரியான திகதியைத்தான் சொன்னார் என்று அதில் இருந்தது. கையெழுத்து வைத்ததும் அவனுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள்.

அவன் கேட்டுக்கொண்டிருந்தான். "சரி அக்கா," என்றான். கடிதத்தை வாங்கித் தாள்கட்டின் மேல் வைத்தான்.

சாம்பவியின் அலுவலகக் கதவைத் தள்ளியபோது நான்கு மணியாக எட்டு நிமிடம் இருந்தது.

விசாரணை ஆறு கிழமை கழித்து நடந்தது. திகதியைப் பற்றிக் கேட்டார்களாம். திருநாள், பந்தல், கயிறு எல்லாவற்றையும் யோசப் தடுமாறாமல் சொன்னானாம். அருள்மலரின் கடிதத்தை வாசித்துவிட்டு, அதற்குமேல் அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை என்று சாம்பவி சொன்னாள். அதற்குப் பிறகு அந்த அலுவலகத்திலிருந்து அருள்மலருக்குக் கொஞ்ச நாள் வேலை வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

தை மாதத்தில் ஒரு மத்தியானம் தொலைபேசி அடித்தது.

"அக்கா, யோசப் கதைக்கிறன். என்ர கேசுக்கு ஓம் எண்டு சொல்லிட்டினம்."

அருள்மலர் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள். பின்னணியில் பஸ் ஒன்று கதவைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"சாப்பிட்டனியோ?" என்று கேட்டாள்.

"இல்லையக்கா. மனிசிக்குச் சொல்லிப்போட்டு உங்களுக்குத்தான் எடுக்கிறன்."

"அப்ப இங்க வா," என்றாள். "மீன்குழம்பு இருக்கு."